ஆய்வுக்குப் படியளப்பவர் யார்?

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி உளுந்தூர்பேட்டை வழியாகப் போகும் பேருந்துகளில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. கூவாகத்தில் கூத்தாண்டவரான அரவான் பேரால் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அரவான் பலியானதும் அதை அறுத்து அழும் திருநங்கைகளை இன்று உலகமே அறியும். தொலைக்காட்சி கேமராக்கள் இந்த வட்டாரத்தைக் கண்டுகொள்வதற்கு முன்பே வெளிநாட்டு ஆய்வாளர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து இறங்கிவிட்டார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோவில்களில் தொடங்கி, அந்த வழிபாட்டைப் பற்றி 1988-லும் 1991-லும் இரண்டு தடித்த தொகுதிகளை வெளியிட்டார். கூத்தாண்டவர் வழிபாட்டையும் அவர் தொடர்ந்து ஆராய்ந்தார். அமெரிக்கரான ரிச்சர்ட் ஃபிராஸ்கா தெருக்கூத்தைப் பற்றி 1990-ல் புத்தகம் போட்டார். நெதர்லாந்தின் ஹன்னே டி ப்ரூயின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியதே கட்டைக்கூத்தை ஆராய்ந்துதான்.

கூவாகம் இருக்கும் அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் கல்வராயன் மலை நிற்கிறது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு அடுக்கு. கேரளத்தோடு சம்பந்தமில்லாத, தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினரின் நாடு அது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை, 1976-ல்தான் முழுதாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து! தென்னாற்காடு மாவட்ட கெசட்டியரை 1906-ல் எழுதிய டபிள்யூ. ஃபிரான்சிஸ் இந்த மலைக்குச் சில பக்கங்கள் ஒதுக்கினார். சமவெளியின் கூத்துக்கும் கோவிலுக்கும் தொகுதி தொகுதியாக நூல்கள் சேர, மலைக்கு அந்த அளவு சேரவில்லை.

ஓர் இடம் ஆராயப்படுவதும் இன்னொன்று விடுபடுவதும் ஆய்வாளரின் ஆர்வத்தை மட்டும் பொறுத்ததல்ல. அவருடைய வயிற்றுக்குப் படியளப்பவர் யார், அந்தப் படி எத்தனை மாதத்துக்கு வரும், அளப்பவருக்கு எந்த ஊரைப் பற்றித் தெரிந்தாக வேண்டும் என்ற மூன்று கேள்விகளும் அதற்குள் இருக்கின்றன. இந்தப் படியின் வரலாற்றைத் தேடிப் போனால் மாஸ்கோ, ஹார்வர்டு, ரேஷன் கோதுமை, வான்வெளி, பிராகு நகரம் என்று எங்கெங்கோ சுற்றிவிட்டுத் தமிழ்நாட்டுக்கே திரும்பி வருகிறோம்.

பணம் வாங்கித் தருவது என்ன?

ஆய்வகத்தில் வேலை செய்யும் முனைவர் பட்ட மாணவருக்குக் கருவியும் ரசாயனமும் செலவு. ஒரு வட்டாரத்தை ஆராய்பவருக்கு அப்படிப்பட்ட செலவுகள் குறைவு. அவருக்கு வேண்டியது காலம். ஓர் ஊரில் குறைந்தது ஓர் ஆண்டு தங்க வேண்டும் என்பது மானிடவியலில் நெடுநாள் வழக்கம். அதற்குக் காரணமும் இருக்கிறது.

கல்வராயன் மலையையே எடுத்துக்கொள்வோம். மழை தொடங்கியதும் சாமையும் தினையும் விதைப்பார்கள். மரவள்ளிக்கு ஒரு பருவம், கடுக்காய் பொறுக்க ஒரு பருவம், புளி உலுக்க ஒரு பருவம். வேலை இல்லாத மாதங்களில் குடும்பத்தோடு கேரளத்து மிளகு, காப்பித் தோட்டங்களுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. ஆய்வாளர் அந்த மாதங்களில் மட்டும் வந்து போனால் பூட்டிய வீடுகளைப் பார்த்துவிட்டு, ஊர் காலியாகிவிட்டது என்று எழுதுவார். அறுவடை நேரத்தில் மட்டும் வந்தால், யாருக்கும் குறையில்லை என்று எழுதுவார். விதைக்கும்போது வாங்கிய கடன் எங்கே போய் முடிகிறது, திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, பெண் கொடுத்து எடுப்பது எந்த ஊரோடு என்பதெல்லாம் ஒரு முழுச் சுற்று கூடவே இருந்தால்தான் விளங்கும். அதற்கு மேல் நம்பிக்கை என்ற ஒன்று இருக்கிறது. வனத்துறை ஆளோ, சாராயம் பிடிக்க வந்த போலீஸோ என்று சந்தேகிக்கும் வீட்டுத் திண்ணையில் உட்கார இடம் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும்.

ஆய்வு உதவித்தொகை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பின் விலைதான். வாடகை, சாப்பாடு, பேருந்து, மொழி கற்றுக்கொள்ளும் செலவு, ஆவணக் காப்பகத்தில் நகலெடுக்கும் செலவு, காய்ச்சல் வந்தால் மருத்துவச் செலவு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்னச் சின்னத் தொகை. ஆனால் நான்காவது மாதத்தில் அது நின்றுபோனால், அதுவரை செலவழித்ததும் பெரும்பாலும் வீண்.

பயத்தில் பிறந்த படிப்பு

ரஷ்யா, உக்ரைன், போலந்து, செக் குடியரசு, பல்கேரியா முதலான நாடுகளின் மொழி, இலக்கியம், வரலாறு, சமூகத்தை ஆராயும் துறைக்கு ஸ்லாவிய ஆய்வு என்று பெயர். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அது ஒரு சிலர் மட்டும் ஈடுபட்ட சின்னத் துறை. போர் முடிந்து, நேற்றுவரை கூட்டாளியாக இருந்த சோவியத் ஒன்றியம் எதிராளியானதும் நிலைமை தலைகீழானது. 1946-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரஷ்ய நிறுவனம் எழுந்தது. 1948-ல் கார்னகி அறக்கட்டளையின் பணத்தில் ஹார்வர்டில் ரஷ்ய ஆய்வு மையம் தொடங்கியது. அதே 1948-ல்தான் நார்மன் பிரவுன் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தெற்காசியாவுக்கென்று தனித் துறை அமைத்தார். ரஷ்யாவை ஆராயும் படிப்பும் நம்மை ஆராயும் படிப்பும் அமெரிக்காவில் ஒரே காலத்தில், ஒரே காற்றில் வளர்ந்தவை.

எதிராளியின் நாட்டுக்குள் போய்க் களப்பணி செய்ய முடியாது. என்ன செய்வது? 1950-லும் 1951-லும் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஜெர்மனியில் தஞ்சம் புகுந்திருந்த சோவியத் அகதிகளைத் தேடிப் போனார்கள். நூற்றுக்கணக்கானவர்களிடம் மணிக்கணக்கில் வாழ்க்கைக் கதை கேட்டு எழுதினார்கள். தொழிற்சாலையில் மேலதிகாரியை எப்படிச் சமாளித்தீர்கள், ரொட்டிக்கு எங்கே வரிசை நின்றீர்கள், கணவன் மனைவிக்குள் அரசியல் பேசுவீர்களா என்று கேள்விகள். இதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்க விமானப் படை. போர் வந்தால் சோவியத் சமூகம் எந்த இடத்தில் உடையும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அதற்கு. உடையும் இடம் ஒன்றும் தெளிவாகச் சிக்கவில்லை. ஆனால் ஸ்டாலின் காலத்துச் சாதாரண மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கான ஒப்பற்ற சான்றுத் திரட்டு உருவாகிவிட்டது. குண்டுபோட வழிதேடியவர்கள் செலவழித்த பணத்தின் பயனை இன்று குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் அனுபவிக்கிறார்கள்.

1957 அக்டோபர் 4-ல் ஸ்புட்னிக் வானில் ஏறியது. அமெரிக்கா திகைத்துப் போனது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. கணிதம், அறிவியலோடு சேர்த்து அயல்மொழிப் படிப்புக்கும் அரசு பணம் கொட்டத் தொடங்கியது. முதல் வரிசையில் வைக்கப்பட்ட மொழிகள் அரபு, சீனம், இந்தி-உருது, ஜப்பானியம், போர்த்துகீசியம், ரஷ்யன். தமிழ் அந்த வரிசையில் இல்லை. ஆனாலும் தெற்காசிய மையங்களுக்குப் போன பணத்தில் தமிழ் வகுப்புகளும் பின்னால் ஒட்டிக்கொண்டன. 1961-ல் ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம் வந்தபின், முனைவர் பட்ட மாணவர்கள் வெளிநாட்டில் 6 முதல் 12 மாதம் தங்கிக் களப்பணி செய்யவே தனி உதவித்தொகை உண்டாயிற்று.

மூட்டையில் வந்த ஆராய்ச்சி

இந்தியாவுக்கு வந்த படியின் கதை இன்னும் விசித்திரமானது. பி.எல். 480 என்ற பெயரை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1954-ல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தின் எண் அது. அமெரிக்காவில் விளைந்து குவிந்த உபரிக் கோதுமையை, டாலர் கையிருப்பு இல்லாத நாடுகளுக்கு அந்தந்த நாட்டுப் பணத்துக்கே விற்கலாம் என்றது சட்டம். 1956-ல் இந்தியா ஒப்பந்தம் போட்டது. பஞ்ச காலத்தில் கப்பல் கப்பலாக வந்த கோதுமைக்கு நாம் கொடுத்தது ரூபாய். அந்த ரூபாயை அமெரிக்காவுக்கு எடுத்துப்போக முடியாது, எடுத்துப்போனாலும் அங்கே செல்லாது. இந்தியாவுக்குள்ளேயே செலவழித்தாக வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு அது குவிந்துகொண்டே போனது.

குவிந்த ரூபாயில் ஒரு சிறு பகுதி இரண்டு எதிர்பாராத வாய்க்கால்களில் ஓடியது. முதலாவது, புத்தகம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1962-ல் தில்லியில் அலுவலகம் திறந்து, இந்திய மொழிகளில் வெளிவரும் நூல்களை அந்த ரூபாயில் வாங்கி, அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்குப் படிக்குப் படி அனுப்பத் தொடங்கியது. கவிதை, நாவல், வார இதழ், கட்சிப் பிரசுரம் என்று வந்ததெல்லாம் போயிற்று. நம் ஊர் நூலகங்கள் கழித்துப்போட்ட தமிழ் நூல்கள் பல, சிகாகோவிலும் பெர்க்கிலியிலும் குளிரூட்டிய அறையில் இன்றும் பத்திரமாக இருப்பதற்குப் பின்னணி இதுதான்.

இரண்டாவது, ஆள். நார்மன் பிரவுனின் முயற்சியில் 1961-ல் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் உருவானது. ஃபோர்டு அறக்கட்டளையின் பணமும் இந்தக் கோதுமை ரூபாயும் அதன் தொடக்க காலத்துக்குக் கைகொடுத்தன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள் இந்தியாவில் பதினொரு மாதம்வரை தங்கி ஆராய அது இளநிலை உதவித்தொகை கொடுக்கிறது. மதுரையில் அது நடத்தும் தமிழ் வகுப்பில் பேச்சுத்தமிழ் பழகிவிட்டுக் களத்துக்குப் போன ஆய்வாளர்கள் பலர். ரேஷன் கடை வரிசையில் நின்று ஒருவர் வாங்கிய கோதுமை மாவின் காசு, இன்னொரு வழியாகச் சுற்றி, அவருடைய ஊர்க் கூத்தையும் சாமியையும் ஆராய வந்தவரின் வாடகையாக மாறியிருக்கலாம்!

எவ்வளவு செலவழித்தும் ரூபாய் தீரவில்லை. கடைசியில் 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரு காசோலையை இந்திய அரசிடம் கொடுத்துக் கணக்கின் பெரும்பகுதியை முடித்தார். உலகிலேயே பெரிய தொகைக்கு எழுதப்பட்ட காசோலை என்று அது அப்போது கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

மறுபக்கத்துப் படி

ஸ்லாவிய நாடுகளிலிருந்தும் ஆட்கள் நம்மை ஆராய வந்தார்கள். அந்தக் கதை அமெரிக்கக் கதையைவிடப் பழையது. பீட்டர்ஸ்பர்க் நகரின் குன்ஸ்ட்கமேரா அருங்காட்சியகம் 1914-ல் அலெக்சாண்டர் மெர்வார்ட், லுட்மிலா மெர்வார்ட் தம்பதியை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அனுப்பியது. அவர்கள் வந்த ஆண்டே முதல் உலகப் போர் வெடித்தது. இடையில் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர், அங்கிருந்த இசைக்கருவிகளுக்கு ஒரு கையேடு எழுதினார். 1918-ல் கிளம்பியபோது ரஷ்யாவில் ஜார் ஆட்சியே இல்லை. உள்நாட்டுப் போரில் சிக்கி, விளாடிவஸ்டோக் வழியாக அவர்கள் லெனின்கிராடு எனப் பெயர் மாறிய பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. பேச்சுத்தமிழுக்கு ரஷ்ய மொழியில் அலெக்சாண்டர் எழுதிய இலக்கணம் 1929-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஸ்டாலின் அரசு அவரைக் கைது செய்தது. முகாமில்தான் இறந்தார். அனுப்பிவைத்த அரசும் சிறைவைத்த அரசும் வேறு வேறு. ஆனால் அரசை மட்டுமே நம்பியிருக்கும் ஆய்வாளரின் கழுத்து எப்போதும் அரசின் கையில்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் அரசு இந்திய நட்பை விரும்பியது. அதன் பயனாகத் தமிழ்த் துறைகள் மீண்டும் தழைத்தன. லெனின்கிராடில் தமிழ் கற்பித்த செம்யோன் ருதின் தம்மைச் செம்பியன் என்று அழைத்துக்கொண்டார். 1960-ல் அவரும் பியாத்திகோர்ஸ்கியும் சேர்ந்து தமிழ்-ரஷ்ய அகராதி தந்தார்கள். மிகயீல் அந்திரோனோவ் தமிழ் இலக்கணம் எழுதினார். மாஸ்கோவில் அலெக்சாண்டர் துபியான்ஸ்கி சங்கப் பாடல்களைத் தம் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டார். 2020-ல் கொரோனா அவரைக் கொண்டுபோனபோது தமிழ் இதழ்கள் சொந்த ஊர்க்காரருக்குப் போல அஞ்சலி எழுதின.

எல்லாப் படிகளும் ஒருவர் வாழ்க்கையில் வந்து சந்தித்ததற்குச் சான்று கமில் சுவலெபில். செக் நாட்டுக்காரர், பிராகு நகரில் தமிழ் கற்றவர். 1968-ல் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்தபின் நாட்டைவிட்டு வெளியேறினார். சிகாகோ இடம் கொடுத்தது, பிறகு நெதர்லாந்து கொடுத்தது. முருகனின் புன்னகையைத் தலைப்பாக்கி அவர் எழுதிய தமிழ் இலக்கிய வரலாறு 1973-ல் வந்தது. பிற்காலத்தில் நீலகிரி இருளரையும் அவர்கள் மொழியையும் ஆராய்ந்தார். ஸ்லாவ் இனத்துத் தமிழறிஞருக்கு இடம் கொடுத்தது, ஸ்லாவ் நாடுகளைக் கண்டு பயந்த அமெரிக்கா கட்டியெழுப்பிய பல்கலைக்கழக ஏற்பாடு.

இந்தியாவும் கைகட்டிக்கொண்டிருக்கவில்லை. 1965-ல் தில்லியில் ரஷ்ய ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது, பின்னர் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. பல்கலைக்கழக மானியக் குழு வட்டார ஆய்வு மையங்களுக்குப் பணம் ஒதுக்கியது. பம்பாயில் சோவியத் ஆய்வு, காஷ்மீரில் மத்திய ஆசிய ஆய்வு, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு என்று பங்கு பிரிந்தது. சோவியத் ஒன்றியம் 1991-ல் மறைந்ததும் பம்பாய் மையம் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

செலவில்லாத ஓர் ஆய்வு

இவ்வளவு பெரிய நிதிகளுக்கு நடுவே, சல்லிக்காசு நிதியில்லாமல் தொடங்கி ஏறத்தாழ நூறாண்டு நிலைத்த ஆய்வு ஒன்று பழைய தென்னாற்காட்டில் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்குப் போகும் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, ஊர் ஊராக விவரம் எழுதிவரச் சொன்னார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாருக்கு, கிணறு எத்தனை. 1918-ல் அவை நூலாயின. அதிலிருந்த ஊர்களில் ஒன்று, விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையிலுள்ள இருவேல்பட்டு.

1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். பின்னர் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன் வந்தார். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். ஒரு காலத்தில் ஊரையே கையில் வைத்திருந்த பெருநிலக்கிழாரின் பிடி எப்படித் தளர்ந்தது, விவசாயத்துக்கு வெளியே கிடைத்த வேலையும் ரேஷன் அரிசியும் கூலிக்காரரின் நிலையை எப்படி மாற்றின என்பதை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீளத்துக்குச் சொல்ல முடிந்தது. மால்கம் ஆதிசேஷையா 1971-ல் தம் சொந்தச் சேமிப்பைப் போட்டுத் தொடங்கிய நிறுவனம்தான் குகன் பணியாற்றிய அந்தச் சென்னை நிறுவனம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அந்த மாணவர்களால் செலவில்லாமல் எழுத முடிந்ததற்குக் காரணம், அவர்கள் போனது சொந்த ஊருக்கு, அல்லது அறிந்தவர் ஊருக்கு. மொழி கற்கும் செலவில்லை, வாடகை இல்லை, திண்ணையில் இடம் கேட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. உள்ளூர்க்காரர் ஆராய்வதில் இருக்கும் இந்தச் சிக்கனத்தை எந்த நிதிக் குழுவும் கணக்கில் எழுதுவதில்லை.

கல்வராயன் மலைக்கும் அருகிலிருந்தே கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க. கடவுளும் ந. பார்த்தசாரதியும் மலையின் அரைப் பசுமைமாறாக் காட்டில் மரம் மரமாக அளந்து, 1999-ல் கட்டுரை வெளியிட்டார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் துண்டில் என்னென்ன மரங்கள் எந்த அடர்த்தியில் நிற்கின்றன என்பதற்கு அது அடிப்படைப் பதிவு. காடு மாறுகிறதா என்று நாளை யாராவது கேட்டால், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய கணக்கு கையில் இருக்கிறது.

இன்று என்ன நிலை?

பயத்தில் பிறந்த பணம் பயம் மாறும்போது இடம் மாறும். 1997-ல் அமெரிக்கச் சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம் தொடங்கிய பன்னாட்டு முனைவர் பட்டக் கள ஆய்வு உதவித்தொகை, கால் நூற்றாண்டு நடந்து நின்றுவிட்டது. 2022-ல் உக்ரைன் போர் மூண்டதும் ரஷ்ய ஆவணக் காப்பகங்களை நம்பியிருந்த மாணவர்கள் ஜார்ஜியா, கஜகஸ்தான், பால்டிக் நாடுகள் என்று திசை திரும்பினார்கள். 2025-ல் ஃபுல்பிரைட்-ஹேஸ் ஆய்வு உதவித்தொகைக்கான அந்த ஆண்டுப் போட்டியையே அமெரிக்கக் கல்வித் துறை ரத்து செய்தது. தனியார் கொடையிலும் பிக்கல் உண்டு. அமெரிக்காவின் ஸ்லாவிய ஆய்வுச் சங்கத்துக்கு வந்த ஒரு முனைவர் பட்ட நிதியில் யார் பெயர் இருக்கலாம் என்பதில் 2014-ல் பெரிய சண்டை மூண்டு, அடுத்த ஆண்டுதான் சங்கம் அதை ஏற்றது.

நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. இது நல்ல தொகை. ஆனால் கலை, சமூக அறிவியல் மாணவருக்கு இதர செலவுக்கென்று முதல் இரண்டு ஆண்டுகளில் தரப்படுவது ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான். பயணம், நகல், ஒலிப்பதிவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவருக்கு மத்திய பல்கலைக்கழகமாக இருந்தால் மாதம் 8,000. மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு அதுவும் இல்லை. இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம் மாதம் 20,000 தருகிறது. பழங்குடி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகையில் ஆண்டுக்கு 750 இடங்கள், நாடு முழுமைக்கும். ஆதிதிராவிடர், பழங்குடி முழுநேர ஆய்வாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் ஊக்கத்தொகை ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்.

ஏரிப் பாசனத்தில் தலைமடை நிரம்பிய பிறகு கடைமடைக்கு வரும் தண்ணீர்போலத்தான் இந்தப் பணமும் மலைக்கு வந்து சேர்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் மலையாளிகளுக்கு, ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர். ஆனால் கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் பட்டப்படிப்பு முடித்து, நெட் தேர்வுக்குப் படித்து, நெறியாளரைத் தேடிப் பிடித்து, உதவித்தொகை வரும்வரை வீட்டுச் செலவையும் சமாளிப்பது அவ்வளவு லேசான காரியமல்ல. அவர் பிழைப்புக்காக ஆசிரியர் வேலைக்கோ தோட்ட வேலைக்கோ திரும்பிவிட்டால், மலையின் கதையை எழுத வேண்டியவர் வெளியிலிருந்துதான் வரவேண்டும். அவர் வருவாரா மாட்டாரா என்பதைத் தொலைவிலுள்ள யாரோ ஒருவரின் பயமோ ஆசையோ தீர்மானிக்கும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் தொடர்ச்சியாகச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைப் பற்றித் தானாக முன்வந்து விசாரணை எடுத்தது. சாலை, மருத்துவமனை, பள்ளி, பிழைப்பு என்று கேள்வி கேள்வியாக எழுந்தது. ஜாகிர் முறை போனபின் நிலம் யார் கைக்குப் போனது, வெளியூருக்கு வேலைக்குப் போகும் வீடு எந்த மாதம் பூட்டப்படுகிறது, சாராயம் காய்ச்சும் தொழிலுக்குள் ஒருவரைத் தள்ளுவது கடனா வேறு ஏதுமா என்பதற்கெல்லாம் பதில், ஓர் ஆண்டு கூடவே இருந்து எழுதிய ஆய்வேட்டில்தான் கிடைக்கும். சாவு விழுந்த பிறகு அவசரமாக எடுக்கும் அறிக்கையில் கிடைக்காது.

இந்த வரலாற்றில் எனக்கு வியப்பாக இருப்பது ஒன்று. விமானப் படை கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. கோதுமை வியாபாரத்துக்கும் தமிழ் நூல்களைக் காப்பாற்றும் எண்ணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் காப்பாற்றியது அதுதான். ஸ்லேட்டரின் மாணவர்கள் நூறாண்டு கழித்துத் தங்கள் குறிப்புகளை யாரோ புரட்டுவார்கள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். வட்டார ஆய்வுக்குப் போட்ட பணம் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதைவிட, கேட்காத கேள்விகளுக்குப் பதிலைச் சேர்த்துவைத்ததே அதிகம். ஆகவே, என்ன பயன் என்று முன்கூட்டியே கணக்குக் கேட்காமல் கொடுப்பதுதான் இந்தத் துறையில் கெட்டிக்காரத்தனம்.

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமானது. அலுவலகங்கள் எழுகின்றன, கல்லூரிகள் இருக்கின்றன. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலோ இன்னாட்டிலோ பிறந்த ஒருவர், தம் மலையைப் பற்றித் தாமே ஆய்வேடு எழுத, ஓர் ஆண்டுக் களப்பணிக்கென ஆண்டுக்கு ஓர் இடம் என்று மாவட்டத்தின் பேரால் ஒதுக்கினால், ஜே.ஆர்.எஃப். கணக்குப்படி ஆண்டுச் செலவு 4,44,000 ரூபாய். பத்தாண்டில் பத்து ஆய்வேடுகள்: நிலம், காடு, கடன், மருந்து, திருமணம், பாட்டு, ஜாகிர் காலம் போன்றவை. இப்படிப்பட்ட படியை அளக்க வாஷிங்டனும் மாஸ்கோவும் தேவையில்லை. அளந்தாக வேண்டும் என்று சென்னையோ கள்ளக்குறிச்சியோ நினைத்தால் போதும்.